பனிக்கட்டியும் பாத்தியதையும்

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீனிலிருந்து தொடங்குவது மரபாகிவிட்டது. கல்லடிப் பாலத்தருகே நிலவொளியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையைக் காதோடு சேர்த்தால் எழும் அந்த மெல்லிய நாதத்தை நானும் கேட்டவன்தான். அதன் இனிமையை மறுக்க வரவில்லை. ஆனால் மீன் பாடுவதைக் கேட்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், விடியலில் கரையேறிய மீன் பிற்பகலுக்குள் எவருக்கும் வேண்டாத பண்டமாகிவிடும் காட்சியைக் காண நிற்பதில்லை. பாட்டுக்கும் நாற்றத்துக்கும் இடையே நிற்கும் பொருள் ஒன்று உண்டு, அது பனிக்கட்டி. அதைச் செய்யும் இயந்திரம் நின்றுபோனால் செப்பனிடுவது யாருடைய கடமை? அதைப் பற்றிப் பேசும் பாத்தியதை யாருக்கு உண்டு? ஒரு முதலாளிக்கும் ஒரு மெக்கானிக்குக்கும் இடைப்பட்ட கூலிக் கணக்கு இது என்று ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரைக்கும் பெருங்கடலுக்கும் இடையே பல இடங்களில் ஒரு குறுகிய நிலப்பட்டைதான் இருக்கிறது. வைகாசி பிறந்தால் கச்சான் காற்று வீசத் தொடங்கும். தென்மேற்குப் பருவக் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி இந்தப் பக்கம் இறங்குவதே கச்சான். அது வீசும் மாதங்களில் ஓலையும் மனித முகமும் ஒன்றுபோல் கருகும். கீழைக் கடல் அமைதியாக இருப்பதும், வள்ளங்கள் துணிந்து ஆழத்துக்குப் போவதும், மீன் மிகுதியாக ஏறுவதும் அதே மாதங்களில்தான். ஆகவே பனிக்கட்டி அதிகம் தேவைப்படும் காலமும், பனிக்கட்டி இயந்திரம் மூச்சுத் திணறும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. இயற்கை வகுத்த இந்தப் பொருத்தத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அதன் மேல் மனிதர் வகுத்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முப்பது பாகை வெப்பத்தில் கிடக்கும் மீன் அரை நாளில் அழிந்துவிடும். அதே மீனைப் பனிக்கட்டித் தூளுக்குள் முறையாக அடுக்கினால் இரண்டு வாரம்கூட நிற்கும். எனவே பனிக்கட்டி வாங்கும் மீனவன் வாங்குவது அவகாசத்தை. அவகாசம் கையிலிருப்பவன், "இந்த விலைக்கு இல்லை" என்று சொல்லலாம்; நாளைய சந்தைக்குக் காத்திருக்கலாம்; வேறொரு வியாபாரியைத் தேடலாம். அவகாசம் இல்லாதவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். வலைக்கும் எண்ணெய்க்கும் முற்பணம் தந்த முதலாளியே மீனையும் எடுக்கிறார், லொறியையும் வைத்திருக்கிறார், பல வேளைகளில் பனிக்கட்டியும் அவர் கையில்தான் என்னும் கரைகளில், விலையைத் தீர்மானிப்பது எது என்று விளக்கத் தேவையில்லை. இறாலுக்கும் நண்டுக்கும் கொடுவாவுக்கும் கடலிலும் வாவியிலும் உரிமையாளர் கிடையாது. கரையேறிய பிறகு அவற்றுக்கு உரிமையாளர், குளிரை வைத்திருப்பவரே.

குளிரைச் செய்யும் இந்த வித்தையின் தொடக்க முயற்சிகளில் ஒன்று ஒரு வெப்பமான கரையோர ஊரில் நடந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் அப்பலாச்சிக்கோலா என்ற சிறு துறைமுகத்தில் ஜோன் கொரி என்றொரு வைத்தியர் இருந்தார். காய்ச்சலில் வெந்துகொண்டிருந்த நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தால் பனிக்கட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, 1851இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்நாளில் பனிக்கட்டி என்பது வட அமெரிக்கக் குளங்களில் அறுத்தெடுத்துக் கப்பலேற்றும் வணிகப் பண்டம். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அந்தக் கப்பல் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியதுதான். கொரியின் இயந்திரத்துக்கு முதல் போட்டு நடத்த ஆள் நிலைக்கவில்லை. 1855இல் வறுமையில் இறந்தார். நோயாளிக்காகத் தொடங்கிய வித்தை பிறகு செல்வாக்குள்ளோர் கைக்குப் போய்ச் சேர்ந்த கதை, விஞ்ஞானத்தின் வரலாற்றில் புதிதன்று.

இன்று நம் கரைகளில் கட்டி ஐஸ் செய்யும் ஆலைகளின் அமைப்பு எளிது. அமோனியா சாதாரண அழுத்தத்தில் பூச்சியத்துக்கு 33 பாகை கீழேயே கொதித்து ஆவியாகும் பொருள். கொதிக்கும்போது சுற்றியிருப்பதன் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது உப்புநீர்த் தொட்டியைக் குளிர்விக்க, அந்தத் தொட்டியில் தகர அச்சுகளில் நிற்கும் நன்னீர் மெல்ல மெல்லக் கட்டியாகிறது. கொம்பிரசர் அந்த ஆவியை மீண்டும் அழுத்தி, வெப்பத்தை வெளியே தள்ளி, திரவமாக்கி அனுப்புகிறது. முப்பது பாகையில் உள்ள ஒரு கிலோ தண்ணீரைப் பூச்சியத்துக்கு இறக்க 30 கிலோகலோரி வெளியேற்றினால் போதும்; பூச்சியத்திலேயே நின்று அது தண்ணீர் என்ற நிலையிலிருந்து கட்டியாவதற்கு இன்னும் 80 வேண்டும். வேலையின் பெரும்பகுதி, எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாத அந்த நேரத்திலேயே நடக்கிறது. ஒரு கட்டி முற்றுவதற்குப் பல ஆலைகளில் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அதனால்தான் ஓர் இரவு இயந்திரம் நின்றால் மறுநாள் மட்டுமன்றி அதற்கடுத்த நாளும் கரை வெறுமையாகிறது. இதற்கு மேல் உப்புக் காற்று குழாய்களைத் தின்கிறது. உவர் கலந்த கிணற்று நீர் சுண்ணமாகப் படிகிறது. மின்சாரம் ஏறி இறங்கி மோட்டரைச் சுடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் இயந்திரம் பழுதாவதை விபத்து என்று சொல்வது, மாரியில் மழை பெய்வதை விபத்து என்பது போலாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வைகாசி மாதத்தில் எழுவான்கரை ஆலையொன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

அந்த ஆலையைக் கவனித்துவந்த மெக்கானிக்கை எல்லாரும் 'பாஸ்' என்றே அழைப்பர். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. அவர்கள் மொழியில் எசமான் என்று பொருள். நம் நாட்டில் அது தச்சனுக்கும் மேசனுக்கும் மெக்கானிக்குக்கும் உரிய மரியாதைச் சொல்லாகத் தங்கிவிட்டது. கைவேலை தெரிந்தவனை எசமான் என்று அழைக்கும் ஒரு சொல்லாவது நம்மிடம் இருக்கிறதே என்று நான் மகிழ்வதுண்டு. சம்பளத்தில் அந்த மரியாதையைக் காண முடியாது என்பது வேறு விஷயம்.

கொம்பிரசரின் சுழல்தண்டு வெளியே வரும் இடத்தில் வாயு கசியாமல் காக்கும் அடைப்பான், பாஸ் சொல்கிறபடி 'சீல்', தேய்ந்திருந்தது. அது தேய்ந்துவருகிறது, புதிது தருவியுங்கள் என்று தை மாதத்திலேயே சொல்லியிருக்கிறார். "பாப்பம்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அன்று மாலை ஆலைக்குள் நுழைந்தபோது என் கண்கள் எரிந்தன. பாஸ் ஒரு கந்தகத் திரியைக் கொளுத்தித் தண்டின் அருகே கொண்டுபோனார். அமோனியா கசிந்தால் அந்தப் புகை வெள்ளையாகத் திரளும். திரண்டது. வெளியே, ஆழத்துக்குப் போன வள்ளங்கள் விடியலில் திரும்ப இருந்தன.

"இண்டைக்கு ஒரு ராவுக்கு மட்டும் ஓட்டுங்க பாஸ். கொழும்புல இருந்து சாமான் நாளைக்கு வந்திரும்" என்றார் முதலாளி.

"நாலு பொடியனுகள் உள்ளுக்கு நிக்கானுகள், முதலாளி. பக்கத்தில வீடுகள். மறுகா ஒண்டு நடந்தா ஆரு பதில் சொல்ற?" என்று கேட்டுவிட்டு, பாஸ் வாயுவைச் சேமிப்புக் கலத்துக்குள் திருப்பி, வால்வுகளை ஒவ்வொன்றாக இறுக்கி மூடினார். இயந்திரத்தின் ஓசை அடங்கியபோதுதான் கடலின் ஓசை கேட்டது.

விடியலில் நடந்ததை ஊகிக்கலாம். மீன் வந்தது, கட்டி இல்லை. வந்திருந்த லொறிக்காரர்கள் தங்களிடம் இருந்த கொஞ்ச ஐஸுக்கு ஏற்ற அளவே எடுத்தார்கள், அதுவும் அவர்கள் சொன்ன விலைக்கு. எஞ்சியதைப் பெண்கள் கருவாட்டுக்கு வெட்டத் தொடங்கினார்கள். நடுவயதுள்ள ஒரு மீனவர் பாஸின் முன் வந்து நின்று, "எங்கட வயித்தில அடிச்சிட்டீங்களே பாஸ்" என்றார். பாஸ் பதில் பேசவில்லை. முதலாளியிடம் அந்த மீனவர் போகவில்லை என்பதை நான் கவனித்தேன்.

பாஸ் செய்தது சரியா? சரி என்றே சொல்வேன், தயக்கமில்லாமல் சொல்வேன். பத்து இலட்சம் பங்கு காற்றில் 300 பங்கு அமோனியா கலந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். மீனை இழந்தவன் மறுநாள் கடலுக்குப் போகலாம். நுரையீரல் வெந்தவன் போக மாட்டான். 2017 ஒக்டோபரில் கனடாவின் பேர்னி என்ற சிறு நகரில், பனிச்சறுக்கு விளையாட்டு அரங்கின் குளிர்பதனக் கருவியில் அமோனியா கசிந்து மூவர் இறந்தனர். கசிவு இருப்பது தெரிந்தே கருவியை மீண்டும் ஓட்டியிருந்தார்கள். அதை மாற்றவேண்டும் என்ற பரிந்துரை பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டு, தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தது என்று விசாரணை கண்டது. இறந்தவர்களில் ஒருவர் பழுதுபார்க்க வந்தவர். செல்வமும் சட்டமும் நிறைந்த நாட்டில், விளையாட்டுக்கான பனிக்கட்டிக்கே இந்த விலை என்றால், இங்கே பாஸின் கை வால்வை மூடியதில் என்ன பிழை?

ஆனால் பாஸ் சரி என்று சொல்லிவிட்டால் மீனவரின் கோபம் பிழை என்று ஆகிவிடுமா? ஆகாது. அவர் உழைத்தார், மீன் பிடித்தார், தாம் எந்தத் தவறும் செய்யாமலே இழந்தார். நியாயமுள்ள இருவரை ஒருவர்மேல் ஒருவர் மோதவிட்டிருக்கும்போது, இருவரில் யார் நல்லவர் என்று தராசு பிடிப்பது நீதி நூல் படித்தவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. நான் கேட்பது, இந்த மோதலை ஏற்பாடு செய்தது எது என்று. நாலு உயிரா, கரைமுழுதின் ஒருநாள் சோறா என்ற கொடிய கேள்வி வைகாசி மாதத்து மாலையில் பாஸின் முன் வந்து நின்றது. தை மாதத்தில் அது கேள்வியே அன்று. ஒரு சிறு சாமானின் விலை மட்டுமே. தைக்கும் வைகாசிக்கும் இடையே அந்த விலையைச் சேமித்தவர் ஒருவர். சேமிப்பின் செலவைக் கொடுத்தவர்கள் வேறு பலர். 'பாப்பம்' என்ற அந்த ஒரு சொல்லை அவர்கள் கேட்கவுமில்லை, அதற்கு மறுப்புச் சொல்ல அவர்களுக்கு இடமுமில்லை.

முதலாளி கெட்டவர் அல்லர். கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுப்பவர். மீனவரின் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தந்ததையும் அறிவேன். "இயந்திரம் என்னுடையது, நட்டமும் என்னுடையது, மற்றவர்களுக்கு இதில் என்ன?" என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கையின் பிற்பாதி பொய் என்பதே என் வாதம். நட்டம் அவருடையது அன்று. ஆலை நின்ற இரண்டு நாளில் அவர் இழந்தது கட்டி விற்ற இலாபம்; கரை இழந்தது மீன் முழுவதையும். இழப்பில் பெரும்பங்கு யாருடையதோ, அவர்களுக்கு அந்த இயந்திரத்தின் நலத்தில் சிறு பாத்தியதையேனும் இல்லையென்றால், சொத்து என்ற சொல்லுக்கு நாம் அளவுக்கு மிஞ்சிய இடம் கொடுத்துவிட்டோம்.

இது நூதனமான கோரிக்கை அன்று. பாலமீன்மடுவில் வாவியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரத்தை எண்ணிப் பாருங்கள். கோடையில் மணல் திரண்டு அதை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால் படுவான்கரையில் வயல்கள் மூழ்கும். வேளாண்மைக்காரர் உடனே வெட்டுங்கள் என்பார்கள். நேரம் தவறி வெட்டினால் வாவி நீரோடு இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்று மீனவர் அஞ்சுவார்கள். ஆகவே வயல்காரரும் மீனவரும் அதிகாரிகளும் கூடிப் பேசி வெட்டுவதே வழக்கம். அந்தப் பேச்சு எப்போதும் நியாயமாக முடிகிறது என்று நான் சொல்ல மாட்டேன். உரத்த குரல் வென்ற ஆண்டுகளும் உண்டு. ஆயினும், பாதிக்கப்படுவோன் பேசலாம் என்ற அளவுக்காவது அங்கே ஒரு நியாயம் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. மணல்திட்டு இயற்கையின் சொத்து, ஆலை தனியார் சொத்து என்று வேற்றுமை காட்டலாம். மூழ்கும் வயலுக்கும் அழுகும் மீனுக்கும் அந்த வேற்றுமை தெரிவதில்லை.

அப்படியானால் ஆலைகளை அரசோ கூட்டுறவுச் சங்கமோ எடுத்துக்கொண்டால் போதுமே என்று நம் நண்பர்கள் சிலர் உடனே கூறுவர். உடைமை மாறுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கோப்பு நகர்வதைவிடத் துரு வேகமாக நகரும் என்பதைப் பொதுத்துறைக் கட்டடங்களின் பின்புறத்தில் கிடக்கும் இயந்திரங்கள் நமக்குச் சொல்கின்றன. குடிமராமத்து என்ற பழைய சொல்லை எடுத்துக்காட்டுவோரும் உண்டு. தமிழ்நாட்டுக் குளங்களை ஊர் கூடித் தூர் வாரிய வழக்கம் அது. அதிலும் நிலமுள்ளவன் வயலுக்காக நிலமில்லாதவன் முதுகு வளைந்தது என்பதை மறந்துவிட்டு அதைப் போற்ற இயலாது. நான் கேட்பது இவற்றினும் சிறியது. விற்கும் ஒவ்வொரு கட்டியிலும் ஒரு சிறு தொகை மராமத்துக்கென்று ஒதுங்கட்டும். தேயக்கூடிய சாமான்கள் ஒரு பெட்டியில் கரையிலேயே இருக்கட்டும். அந்தப் பெட்டியின் சாவிகளில் ஒன்று மீனவர் சங்கத்திடம் இருக்கட்டும். பாஸ் தை மாதத்தில் சொல்வதை அவர்களும் கேட்கட்டும். வால்வை மூடும் முடிவைத் தனி ஒருவன் தலையில் ஏற்றுவது அப்போது குறையும்.

சாமான் கரையில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை 2022ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. வெளிநாட்டுச் சாமானுக்குப் பணம் கட்ட வங்கிகளிடம் டொலர் இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. வள்ளம் கடலுக்குப் போகவும் வழியில்லை, போன மீனைக் காக்கவும் வழியில்லை. அந்நாட்களில் பழைய இயந்திரத்தின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்குப் பொருத்தியும், கடைசல் பட்டறையில் உறுப்புகளைக் கடைந்தும் ஆலைகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் இந்தப் பாஸ்மார்களே. அவர்களுக்கு ஒரு பாராட்டு மடல்கூட எவரும் எழுதியதாக நான் அறியேன்.

பாஸிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர் தம் வித்தையை எவருக்கும் சொல்லித் தருவதில்லை. எண்ணெய் படிந்த ஒரு கொப்பியில் அவர் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளை உதவியாளன் பார்க்கும்போது மூடிவிடுவார். ஒருநாள் கேட்டேன். "சொல்லிக் குடுத்தா மறுகா என்னை ஆரு கூப்பிடுற?" என்றார். அறிவைப் பூட்டி வைப்பது அறமாகுமா என்று அவரிடம் வாதாட வாயெடுத்தேன். என் வாய் தானாகவே அடங்கியது. ஓய்வூதியமும் இல்லாத, கைமுறிந்தால் காப்பும் இல்லாத ஒருவருக்கு அந்தக் கொப்பி ஒன்றே காணியும் பூமியும். அவர் பூட்டைத் திறக்கச் சொல்லுமுன் அவர் முதுமைக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் இன்னொரு வகைப் பூட்டும் வந்திருக்கிறது. அதைப் பாஸின் கொப்பியோடு ஒப்பிடக்கூடாது. போருக்குப் பின் பாசிக்குடாவில் எழுந்த உல்லாச ஹோட்டல்களிலும், நகரத்துக் குளிர்பானக் கடைகளிலும் காணும் சிறு ஐஸ் இயந்திரங்களின் மூளை இன்று மின்னணுப் பலகையில் இருக்கிறது. கோளாறு வந்தால் ஓர் எண் தோன்றும். அந்த எண்ணின் பொருள் செய்தவனுக்கும் அவன் அனுமதித்தவனுக்குமே தெரியும். அமெரிக்காவில் ஐஸ்கிரீம் இயந்திரங்களில் இப்படிப்பட்ட மென்பொருள் பூட்டை உடைத்துப் பழுதுபார்ப்பதே பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றமாக இருந்தது. 2024 ஒக்டோபரில்தான் கடைகளில் உணவு தயாரிக்கும் இயந்திரங்களுக்கு விலக்களித்தார்கள். அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றின் பழுதுபார்ப்பை உற்பத்தியாளரின் கடமையாக்கிச் சட்டம் செய்தது. வறுமைக்கு அஞ்சி வித்தையை மறைப்பவனும், விற்ற பிறகும் பொருளைத் தன் பிடியில் வைத்திருக்க வித்தையை மறைப்பவனும் ஒரே குற்றத்தைச் செய்கிறவர்கள் அல்லர்.

மொழியும் ஒரு பூட்டாகலாம். ஆலையின் கைந்நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாவியின் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் கொழும்பில் விஞ்ஞானம் பயின்று பட்டயம் பெற்றவர். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவரை யாழ் நூலுக்காக நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர் கல்லடியில் உறங்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அமோனியாவின் ஆபத்தைத் தமிழில் எழுதிய ஒரு தாளும் சுவரில் ஒட்டாத ஆலைக்குள் நாலு இளைஞர்கள் வேலை செய்தால், அந்தக் கொண்டாட்டத்தில் ஏதோ குறைகிறது.

அந்தச் சீல் மறுநாள் இரவு பஸ்ஸில் புறக்கோட்டையிலிருந்து வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொதி. பாஸ் விடியும்வரை உட்கார்ந்து பொருத்தினார். மீண்டும் கந்தகத் திரி கொளுத்திப் பார்த்தார். புகை நிறம் மாறவில்லை. அதற்கடுத்த நாள் முதல் கட்டிகள் அச்சிலிருந்து கழன்று சறுக்கி வந்தபோது, அந்த நடுவயது மீனவரும் சாக்கோடு வரிசையில் நின்றார். பாஸை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டவர்போல் இருந்தார். பிறகு, தரையில் கிடந்த பழைய சீலைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தபடி கேட்டார்:

"இத தை மாசமே வாங்கி வெச்சிருந்தா இந்தக் கரைச்சல் வந்திரிக்காதே, பாஸ்?"

"என்னட்டக் கேட்டா நான் என்ன சொல்ற?" என்றார் பாஸ். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, முதலாளியின் அறைப் பக்கம் தலையை அசைத்தார். "அங்க போய்க் கேளுங்க."

மீனவர் அந்த அறைக் கதவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை நகர்ந்தது. கட்டி கரையத் தொடங்கியிருந்தது. அவர் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு வள்ளத்தை நோக்கி நடந்தார். பழைய சீலைக் கீழே போடவில்லை. மடியில் முடிந்துகொண்டு போனார்.